லைலின் வண்டியைக் கட்டிய நாள்

கவுன்டி சிறையிலிருந்து பேச
ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம்.
அதில் பதினான்கை வண்டிக்கே செலவழித்தான் தம்பி.
சாப்பிட்டாயா என்று கேட்க
இடுக்குகூட விடவில்லை.

முன்சக்கரத்தைத் தாங்கியில் முட்ட நிறுத்து.
பட்டையை ஹேண்டில்பாரில் மாட்டாதே, வளைந்துபோகும்.
ஃபோர்க்கைப் பிடித்திருக்கிறதே கீழ்க் கவ்வி,
அதில் துணி வளையம், வளையத்தில் கொக்கி.
குரோமில் இரும்பு படக் கூடாது.
முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு,
நான்கும் நாலு மூலைக்கு இழுக்கட்டும்.
சைடு ஸ்டாண்டை நம்பாதே, மடக்கிவிடு.
யாராவது மேலே உட்கார்ந்து அமுக்க, நீ இறுக்கு.
பாதி அமுங்கினால் போதும்,
அடிவரை இறுக்கினால் சீல் பிய்ந்து எண்ணெய் கசியும்.
அப்புறம் ரினே, எல்லாவற்றையும்விட முக்கியம்,
ஐம்பது மைல்

அத்தோடு லைன் அறுந்தது.

மைல்ஸ் சிட்டியில்
அக்டோபர் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
பிடித்த வண்டிகள் நிற்கும் முற்றத்துக்கு
நாள் வாடகை நாற்பத்தைந்து டாலர். ஒன்பது நாள்.
வண்டியின் எடையும் ஏறக்குறைய நானூறு கிலோ,
கிலோவுக்கு ஒரு டாலர் என்று
மனதைத் தேற்றிக்கொண்டு கட்டினேன்.

யாராவது என்றானே, அது ஆர்டிஸ்.
இரண்டு வருடமாக அவன் பெயரைச் சொல்லாதவள்.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை
இந்த வண்டிக்குக் கொடுத்துவிட்டு
தவணையையும் தானே கட்டியவள்.
ஒரு தடவைகூடப் பின்சீட்டில் ஏற்றியதில்லை அவளை.

முற்றத்துக்காரன் டுவேன்
பலகையில் தள்ளி ஏற்றித் தந்தான், இருபது டாலருக்கு.
ஆர்டிஸ் காலைத் தூக்கிப்போட்டு உட்கார்ந்தாள்.
முன்பக்கம் பெருமூச்சு விட்டது.
நான் ராட்செட்டை இழுத்தேன். கிளிக். கிளிக்.
இடம் ஒன்று, வலம் ஒன்று, மறுபடி இடம்.
டிரெய்லரோடு சேர்ந்து ஆடினால்தான் கட்டு,
தனியாக ஆடினால் கட்டே இல்லை என்று
அசைத்துப் பார்த்துவிட்டுப் போனான் டுவேன்.

இறங்கு, முடிந்தது என்றேன்.
இறங்கவில்லை.
கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.
இந்த சீட் என்னுடைய பல்லு, ரினே, என்றாள்,
கடைவாய்ப் பல் இரண்டும்.

நெடுஞ்சாலையில் ஐம்பது மைலைப் பற்றி வாதாடினோம்.
ஐம்பதுக்கு மேல் ஓட்டாதே என்பதுதான் என்றாள்.
எனக்கும் வேறு தோன்றவில்லை.
ஐம்பதிலேயே ஊர்ந்தோம்.
கோதுமை லாரிகள் ஹார்னால் திட்டிக்கொண்டு தாண்டின.
இடதுபுறம் யெல்லோஸ்டோன் ஆறு
எங்களைவிட வேகமாகப் போவதுபோல் இருந்தது.
பின்கண்ணாடியில் லைலின் முகப்பு விளக்கு,
மன்னிப்புக் கேட்க ஓடிவருகிறவன் மாதிரி
விடாமல்.

ஃபாலன் பக்கம் ஏதோ துணி அடிக்கிற சத்தம்.
ஓரங்கட்டினேன்.
இடது முன்பட்டை தொய்ந்து,
அதன் வால் டேங்க்கில் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது.
கொக்கி வளையத்தின் உதட்டில்.
இன்னும் ஒரு பள்ளம் போதும்.
புதுப் பட்டை நீண்டிருக்கிறது,
வண்டியும் குலுங்கிக் குலுங்கித்
தன் இடத்துக்கு அமர்ந்திருக்கிறது.
மைல் கணக்கைப் பார்த்தேன். நாற்பத்தேழு.

நான் சொல்வதற்குள் ஆர்டிஸ் ஏறிவிட்டாள்.
கிளிக், கிளிக், கிளிக்.
மிச்ச வாலை முறுக்கி
தன் தலைமுடி பேண்டைக் கழற்றி அதில் போட்டாள்.
மீதி வழி டிக்கின்சன் வரை
முடி முகத்தில் பறக்க, ஒதுக்காமலே வந்தாள்.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது.
ஸ்பீக்கரில் போட்டேன். வணக்கம்கூட இல்லை.
ஐம்பது மைலில் நின்று பட்டையை, என்று ஆரம்பித்தான்.

நின்றோம், என்றது ஆர்டிஸின் குரல்.

இன்னும் பதினான்கு நிமிடம் இருந்தது.
எங்கிருந்து பிடிப்பது என்று
மூன்று பேருக்கும் தெரியவில்லை.
அவன் பக்கம் யாரோ இருமினார்கள்.
எங்கள் பக்கம் ஃப்ரிட்ஜ் உறுமியது.